வண்டி எந்தப் பக்கம் சாயும்

நசீபாவுக்குக் கொல்லிமலைப் பாதையின் எழுபது வளைவுகளும் மனப்பாடம். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். திடீரென்று, "முப்பத்தொன்பது வருதுங்கக்கா, கம்பியப் புடிச்சுக்குங்க" என்பாள். நான் எட்டிப் பார்த்தால் சாலையோரப் பலகையில் 39/70 என்று இருக்கும். ஒரு நாளும் தப்பியதில்லை.

இதை அவள் விளையாட்டாகக் கற்கவில்லை, வாந்தி எடுத்து எடுத்துக் கற்றாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அலுவலகத்துக்கு வந்ததும் நேராகக் குழாயடிக்குத்தான் போவாள். எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்த்தாள், இஞ்சி மரப்பா தின்று பார்த்தாள், ஜன்னலோரம் இடம் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வண்டி எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று முன்னாலேயே தெரிந்துவிட்டால் உடம்பு தயாராகிவிடும், தலை சுற்றாது. அதற்காக அத்தனை வளைவையும் நெட்டுருப் போட்டாள். "ரெண்டு பாடம்ங்கக்கா. ஏறுறதுக்கு ஒண்ணு, எறங்குறதுக்கு ஒண்ணு" என்று சிரித்தாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை. பஸ் ஏறினால் பெரும்பாலும் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிவிடுகிற ஆள் நான்.

என் பெயர் மைதிலி. மலைமேல் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எந்தத் துறை என்று சொல்லப் போவதில்லை. ஒரு துறையின் பெயரைச் சொன்னால் மற்றத் துறைக்காரர்கள் எல்லாம் 'நல்ல வேளை, நாங்கள் இல்லை' என்று பெருமூச்சு விடுவார்கள். அந்தச் சுகத்தை அவர்களுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. வீடு நாமக்கல்லில். வாரம் முழுக்க மலைமேல் செம்மேட்டில் ஒரு வாடகை அறையில் இருந்துவிட்டு, சனிக்கிழமை இறங்கித் திங்கட்கிழமை ஏறுவேன்.

நசீபா தினமும் ஏறி இறங்கினாள். ஊர், அடிவாரத்துப் பேளுக்குறிச்சி. அவள் அத்தா ஹபீப் ரஹ்மானுக்கு அங்கே சந்தைக்கு எதிரில் மிளகு, சீரகம், கடுகு விற்கும் கடை. கணவர் ரியாசுதீன் எங்கள் அலுவலகத்தில்தான் இளநிலை உதவியாளராக இருந்தார். அதிகம் பேசாத மனிதர். முப்பத்தாறு வயதில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேஜைமேல் தலை வைத்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மகள் நஸ்லினுக்கு அப்போது மூன்று வயது. கருணை அடிப்படையில் நசீபாவுக்கு வேலை கிடைக்க நாலு வருஷம் ஆனது. அந்த ஃபைலை நகர்த்த நானும் கொஞ்சம் அலைந்தேன். அதை அவள் மறந்ததே இல்லை. என்னை 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான். அலுவலகத்தில் மற்றவர்களுக்கெல்லாம் நான் மேடம்.

ரியாசுதீன் தலை வைத்த அதே மேஜைதான் அவளுக்கும் கிடைத்தது. மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாங்கக்கா. இந்த வேலையே எங்கூட்டுக்காரர் உசிரக் குடுத்து வாங்குனது. இங்கயே இருந்துக்கறேன்" என்றாள்.

வேலையில் சுத்தம். ஃபைலில் நூல் கோத்துக் கட்டுவதில்கூட ஓர் ஒழுங்கு இருக்கும். ஆனால் அவளுக்குக் கிடைத்த வேலையெல்லாம் தபால் பிரிவு, டீ சொல்லுவது, கூட்டம் நடந்தால் பூங்கொத்து நீட்டுவது. களப்பணிக்குப் பெண்களைப் போடமாட்டார்கள். போட்டால் லீவு கேட்பார்களாம். மேலதிகாரிகள் வந்தால் வாசலூர்பட்டிப் படகுத்துறைக்குக் கூட்டிப்போவது எங்கள் அலுவலகத்தில் எழுதப்படாத சட்டம். பெண் ஊழியர்கள் முன்கூட்டியே போய்த் தட்டோடு நிற்க வேண்டும். ஒருமுறை போட்டோ எடுக்கும்போது முக்காட்டை எடுத்துவிடச் சொன்னார்கள். அவள் தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போட்டோவிலிருந்து நகர்ந்துகொண்டாள். அலுவலகத்தில் பெண்களுக்கான கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போட்டது அவள் எழுதிய ஒன்பதாவது மனுவுக்குப் பிறகுதான். அதுவரை நான் உட்பட எல்லாரும் ஒருத்திக்கு ஒருத்தி காவல் நின்றோம். இருபது வருஷம் காவல் நின்ற எனக்கு ஒரு மனு எழுதத் தோன்றவில்லை.

2022 கடைசியில் செந்தில்நாதன் எங்கள் தலைமை அலுவலராக வந்தார். சமவெளிக்காரர், ஐம்பத்து மூன்று வயது. நெற்றியில் எப்போதும் விபூதி, வாயில் எப்போதும் 'ம்மா'. யாரையும் அதட்ட மாட்டார். முதல் மாதத்திலேயே எங்களுக்கெல்லாம் பிடித்துப் போய்விட்டது. எனக்கும்தான். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

சாயங்காலம் நாலரை மணிக்கு அவர் அறையிலிருந்து மணி அடிக்கும். நசீபாவிடம் ஒரு கடிதம் தருவார். அவசரம், இன்றைக்கே போக வேண்டும். அவள் அடித்து முடிப்பதற்குள் ஐந்து மணி பஸ் போய்விடும். அடுத்த பஸ் ஏழு மணிக்கு. "நானும் கீழதாம்மா போறேன், ஜீப்ல வந்துருங்க. பாப்பா காத்திருக்குமில்ல" என்பார்.

ஜீப்பில் அலுவலர்கள் முன் இருக்கையில்தான் உட்காருவார்கள். எந்த ஊரிலும் அப்படித்தான். டிரைவருக்குப் பக்கத்து இருக்கை என்பது பாதிப் பதவி. செந்தில்நாதன் மட்டும் கழுத்து வலி என்று சொல்லிப் பின்னால் ஏறினார். முன் இருக்கையில் ஃபைல் கட்டுகளை வைக்கச் சொன்னார். நசீபா இடப்பக்க ஜன்னலோரம், அவர் டிரைவருக்குப் பின்னால் வலப்பக்கம். நடுவில் இடம் இருந்தது. மலை இறங்க இறங்க அந்த இடம் குறைந்துகொண்டே வந்தது.

முதலில் என்னிடம்தான் சொன்னாள். "வளைவுல சாயறாருங்கக்கா. சாஞ்சவரு நிமிர மாட்டேங்கறாரு. கை எம்மேல கெடக்குது."

எனக்கு இது புதிதில்லை. ஏனென்றால் தொண்ணூற்றி ஒன்றில், வேறோர் ஊரில், வேறொரு கண்காணிப்பாளரிடம் நானும் இதையெல்லாம் பட்டிருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். அந்த அனுபவத்தின் பலத்தில் நசீபாவுக்கு நான் சொன்ன அருமையான யோசனை, நடுவில் பையை வை என்பது.

வைத்தாள். சாப்பாட்டுப் பை, அதன்மேல் கைப்பை. மறுநாள் வந்து சொன்னாள்: "பையைத் தூக்கி அவரு மடியில வச்சுக்கிட்டாருங்கக்கா. கனமா இருக்கும்மா, நான் வச்சுக்கறேன்னாரு."

ஏழு மணி பஸ்ஸில் போ என்றேன். போனாள். ஒரு வாரம் கழித்து, தாமதமாக வீடு போவதால் பணியில் கவனம் குறைகிறது என்று விளக்கம் கேட்டு அவளுக்கு ஒரு மெமோ வந்தது. மெமோ கொடுத்த அன்று சாயங்காலம் ஜீப் கதவை அவரே திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு என்ன நடந்தது என்பதை அவள் எழுத்தில்தான் சொன்னாள். நான் அதை இங்கே திரும்ப எழுத மாட்டேன். அடிவாரத்துக் காரவள்ளியில் இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் பஸ் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள் என்பது மட்டும் போதும்.

2023 ஆகஸ்டில் புகார் கொடுத்தாள். ரோஷன் பேகம், அவள் அம்மா, வேண்டாம் என்று அழுதார். அத்தா கடைச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாவட்ட அளவில் உள்ளகப் புகார்க் குழு என்று ஒன்று இருந்தது. சுவரில் ஒட்டிய காகிதத்தில் பெயர்கள் இருக்கும், கூடிய சரித்திரம் கிடையாது. தலைவர் கோகிலவாணி மேடம், எங்களுக்கெல்லாம் மேலதிகாரி. வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் வேண்டும் என்பதால் பூபதி என்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மூன்றாவது ஆள் நான்.

என் பெயரைக் குழுவில் பார்த்ததும் நசீபாவுக்கு எவ்வளவு தெம்பு. "நீங்க இருக்கீங்கல்லக்கா" என்றாள். அன்றைக்கு நான் நிஜமாகவே அவளுக்காக நிற்கப் போவதாகத்தான் நினைத்தேன்.

அவள் புகார் ஐந்து பக்கம். அதில் நான்காவது பக்கத்தில் ஒரு பட்டியல். 61, 47, 39, 33, 28, 12. இறங்கும் திசையில் அந்த ஆறு வளைவுகள். கூடவே எழுதியிருந்தாள்: வண்டி வலது பக்கம் திரும்பும்போது பின்னால் இருப்பவர் இடது பக்கம் சாய்வது இயல்பு. அப்படி அவர் என்மேல் சாய்ந்த வளைவுகள் எதையும் நான் குறிப்பிடவில்லை. இவை ஆறும் வண்டி இடது பக்கம் திரும்பும் வளைவுகள். இவற்றில் அவர் என்னைவிட்டு விலகித்தான் சாய வேண்டும். ஆனால் என் பக்கம் சாய்ந்தார்.

இதைப் படித்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. தன்னைத் தொட்டவனுக்கும் நியாயம் பார்த்துக் கழித்தது போக மிச்சத்தை எழுதியிருக்கிறாள். செந்தில்நாதன் தன் பதிலில் எழுதியது நாலே வரி. மலைப்பாதை, சாயாமல் இருக்க முடியாது, என் மகள் வயது, கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

டிரைவர் பொன்னுசாமியை விசாரித்தோம். மலையிலேயே பெரக்கரை நாட்டுக்காரர், ஒப்பந்த வேலை, வருஷா வருஷம் அலுவலர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை தொடரும். தலையைக் குனிந்தபடி ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"நான் ரோட்டத்தான் பாத்தேனுங்க. எழுபது வளவுலயும் ரோட்டத்தான் பாத்தேனுங்க."

அதில் குறை சொல்ல முடியுமா. அந்தப் பாதையில் ரோட்டைப் பார்க்காத டிரைவரோடு யார் போவார்கள்.

கோகிலவாணி மேடம்தான் சொன்னார், பட்டியல் கொடுத்திருக்கிறாரே, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று. ஒரு திங்கட்கிழமை காலை காரவள்ளியில் நான் அவர்கள் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். அதே ஜீப், அதே பொன்னுசாமி. மேடம் முன்னால். "மைதிலி, நீங்க அந்தம்மா உட்கார்ந்த எடத்துல உட்காருங்க. பூபதி சார், நீங்க அந்தப் பக்கம். எந்தப் பக்கம் சாயுதுன்னு குறிச்சுக்கிட்டே வாங்க" என்றார். ஒரு குறிப்பேட்டையும் என்னிடம் கொடுத்தார்.

பன்னிரண்டாம் வளைவு வந்தது. வண்டி வலப்பக்கம் திரும்பியது. பூபதி சார் என்மேல் வந்து சாய்ந்து, "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று நிமிர்ந்தார். நான் குறித்தேன். 12, வலது, என் பக்கம் சாய்வு. இருபத்தெட்டு, அதே. முப்பத்து மூன்று, அதே. நசீபா பொய் எழுதியிருக்கிறாளா. முப்பத்தொன்பதிலும் பூபதி சார் மன்னிப்புக் கேட்டார். முன் இருக்கையிலிருந்து கோகிலவாணி மேடம் திரும்பிப் பார்த்து, "பாத்தீங்களா? இயற்கையாவே சாயுது" என்றார்.

நாற்பத்தேழைத் தாண்டியதும் பொன்னுசாமி மெல்லக் கேட்டார். "ஏனுங்க மேடம், எறங்கறப்பவும் எழுதுவீங்களா?"

"அதெல்லாம் எதுக்கு? வளைவு ஒண்ணுதானே" என்றார் கோகிலவாணி மேடம்.

பொன்னுசாமி அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அறுபத்தொன்றையும் குறித்தேன். மேலே போய் மற்றவர்களிடம் வாக்குமூலம் வாங்கினோம். மதியம் சாப்பிட்டுவிட்டு, மேடத்தோடு மாவட்ட அலுவலகம் வரை போக வேண்டியிருந்ததால் நானும் அதே ஜீப்பில் இறங்கினேன். இறங்கும்போது வழக்கம்போல மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன்.

மூன்று நாள் கழித்து அறிக்கை தயாரானது. புகார்தாரர் குறிப்பிட்ட ஆறு வளைவுகளும் வாகனம் இயல்பாகவே அவர் பக்கம் சாயும் வளைவுகள் என்பது நேரடி ஆய்வில் தெரியவந்தது. ஆகவே அவை அவ்வாறு சாயாத வளைவுகள் என்ற அவருடைய கூற்று, உண்மையல்ல என்று தெரிந்தே கூறப்பட்டது. குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை. பொய்ப் புகார் அளித்தமைக்காக அவர்மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைக்கப்படுகிறது. கீழே மூன்று கையெழுத்து. ஏறும்போது பார்த்தோமா, இறங்கும்போது பார்த்தோமா என்று அந்த அறிக்கையில் எங்கும் இல்லை.

ஓய்வுக்கு எனக்கு அப்போது ஏழு மாதம் இருந்தது. என் ஓய்வூதிய ஃபைல் கோகிலவாணி மேடத்தின் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் ஒரு வார்த்தையும் மிரட்டவில்லை. பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டினார், அவ்வளவுதான்.

அறிக்கையின் நகல் கையில் கிடைத்த அன்று நசீபா என் மேஜைக்கு வந்தாள். அழவில்லை, கோபப்படவில்லை. கணக்கு வாத்தியாரிடம் சந்தேகம் கேட்கிற பிள்ளைபோல் நின்றாள்.

"அக்கா, இது ஏறுறப்பப் பாத்ததா, எறங்குறப்பப் பாத்ததாங்க?"

ஏறும்போது வலப்பக்கம் திரும்புகிற வளைவு, இறங்கும்போது இடப்பக்கம் திரும்பும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவள் எழுதியது இறங்கும் பாதை. நாங்கள் பார்த்தது ஏறும் பாதை. அவள் எழுதியதில் ஓர் எழுத்துகூடப் பிசகில்லை. சரியாக எழுதியதே அவள் கழுத்தைச் சுற்றிக்கொண்டது.

"ஞாபகமில்லையே நசீபா" என்றேன்.

"ஞாபகப்படுத்திப் பாருங்கக்கா. ஜீப்புல இருந்தது நாலு பேரு. அவங்க மூணு பேரும் சொல்ல மாட்டாங்க. நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதுங்க. ஏறுறப்பத்தான் பாத்தோம்னு."

"கொஞ்ச நாள் பொறு" என்றேன். எனக்கு அந்த நேரத்தில் அவள்மேல் எரிச்சல்கூட வந்தது. எதற்கு இந்த எண்களையெல்லாம் எழுதினாள், மொத்தமாகச் சாய்ந்தார் என்று எழுதித் தொலைத்திருக்கலாமே என்று நினைத்தேன். குற்றம் செய்தவளுக்கு எப்படியெல்லாம் யோசனை வருகிறது பாருங்கள்.

டிசம்பரில் அவளுக்கு 17(பி) குறிப்பாணை வந்தது, வேலையே போகக்கூடிய குற்றச்சாட்டு. ஜனவரியில் மாற்றல், நிர்வாக நலன் கருதி, நீலகிரியில் ஒரு மலை அலுவலகத்துக்கு. மலை பழகினவர்தானே என்று செந்தில்நாதன் எல்லார் முன்னாலும் கனிவாகச் சொன்னார். அத்தாவுக்கு அப்போது பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்திருந்தது. நஸ்லின் பத்தாம் வகுப்பு. நசீபா போகவில்லை. மருத்துவ விடுப்பு கேட்டாள், மறுத்தார்கள். பணிக்கு வராததற்கு இன்னொரு குறிப்பாணை அனுப்பினார்கள். வேலையை விட்டு நீக்கும் நோட்டீஸ் வந்ததும் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாள். தடை உத்தரவு கிடைத்தது, வேலையும் போகவில்லை, வேலையும் இல்லை. அவள் மேஜையில் செந்தில்நாதன் ஒரு பிரிண்டரை வைக்கச் சொன்னார்.

மே மாதம் நான் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், செந்தில்நாதன் என்னைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். கண்ணியமான ஊழியர் என்றார். மேடையில் உட்கார்ந்திருந்த எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை. பொன்னாடையை வாங்கிக்கொண்டேன். அடுத்த ஆண்டு அவருக்குப் பதவி உயர்வு வந்தது.

பென்ஷன் கைக்கு வந்து ஒரு வருஷம் ஆன பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. அதைத் தைரியம் என்று சொல்லலாமா தெரியவில்லை. சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு பேளுக்குறிச்சிக்குப் போனேன். சந்தை நாள். கடையில் நசீபா இருந்தாள். தராசுக்குப் பின்னால் நின்று மிளகு அளந்துகொண்டிருந்தாள். உள்ளே நாற்காலியில் அவள் அத்தா, விழுந்த கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நல்ல கையை மார்பில் வைத்தார்.

"வாங்க" என்றாள் நசீபா. ஒரு முக்காலியை எடுத்துப் போட்டாள்.

கடிதத்தைக் கொடுத்தேன். வளைவுகளை ஏறும்போதுதான் ஆய்வு செய்தோம், புகாரில் குறிப்பிட்டது இறங்கும் பாதை, நாங்கள் தவறான திசையில் பார்த்தோம், இறங்கும்போது நான் தூங்கிவிட்டதால் இது அப்போது தெரியவில்லை, பிறகு யோசித்தபோதுதான் தெரிந்தது என்று எழுதியிருந்தேன். கையெழுத்துப் போட்டிருந்தேன். இது வெளியே வந்தால் என்மீதும் நடவடிக்கை வரலாம். ஓய்வு பெற்று நாலு வருஷம் வரை எங்களை விடமாட்டார்கள். அதையும் அவளிடம் சொன்னேன். எவ்வளவு பெரிய காரியம் செய்கிறேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்று எனக்கு இருந்தது.

அவள் இரண்டு முறை படித்தாள்.

"தூங்கிட்டீங்களா" என்றாள்.

"ஆமா. மாத்திரை போட்டிருந்தேன்."

"பொன்னுசாமி அண்ணனுக்கு வேலை போயிருச்சுங்க. போன தையில ஒப்பந்தத்த நீட்டிக்கலை. அப்புறம் ஒரு நாள் இங்க வந்தாரு. இதே எடத்துல உக்காந்து அழுதாரு. அவரு ரோட்ட மட்டும் பாக்கலீங்க. கண்ணாடியும் பாத்திருக்காரு. அந்த ஆளு செஞ்சதெல்லாம் பாத்திருக்காரு. சத்தியக் கடுதாசி எழுதிக் குடுத்துட்டாரு, வக்கீல்கிட்ட இருக்குது."

எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நல்லது, சாட்சி இருக்கிறது.

"நீங்க எறங்குன அன்னைக்கும் கண்ணாடியில பாத்தாருங்களாம்" என்றாள் நசீபா. "அறுவத்தொண்ணுலயே மைதிலி மேடம் நிமிந்து உக்காந்துட்டாங்கன்னாரு. நாப்பத்தேழுல நோட்டைத் தொறந்தாங்க, பேனாவ எடுத்தாங்க, அப்புறம் மூடி வச்சுட்டாங்கன்னாரு."

மேலே, உங்களிடமும், நான் தூங்கிவிட்டேன் என்று எழுதியிருக்கிறேன். அது பொய். எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகியதால் இதிலும் அப்படியே வந்துவிட்டது, அடிக்காமல் விட்டு வைத்தேன். அன்று நான் மாத்திரை போடவில்லை. அறுபத்தொன்றாம் வளைவில் வண்டி இடப்பக்கம் திரும்பியது. பூபதி சார் தன் பக்கக் கதவில் போய் இடித்துக்கொண்டார். எனக்கும் அவருக்கும் நடுவில் இன்னொரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விழுந்தது. நாற்பத்தேழிலும் அப்படி. முப்பத்தொன்பதிலும் அப்படி. அந்தக் காலி இடத்தை நான் பார்த்துக்கொண்டே இறங்கினேன். அந்த இடத்தைத் தாண்டி ஒருவர் அவள்மேல் வந்து விழ வேண்டுமென்றால் வண்டி அவரைத் தள்ளியிருக்க முடியாது. எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நோட்டைத் திறந்தேன். முன்னால் இருந்த கோகிலவாணி மேடத்தின் கொண்டையைப் பார்த்தேன். மூடினேன். கையெழுத்துப் போட்டது அதற்கு மூன்று நாள் கழித்து.

"எப்ப இருந்து உனக்கு இது தெரியும்?" என்று கேட்டேன்.

"ஆறு மாசமாச்சுங்க. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

ஒரு பெண்மணி வந்து கால் கிலோ மிளகு கேட்டார். நசீபா அளந்து பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். நூலை அவள் இழுத்துக் கட்டும் அந்த ஒழுங்கு மாறவே இல்லை. பிறகு கல்லா மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து, கடிதத்தோடு என் பக்கம் நகர்த்தினாள்.

"தூங்கிட்டேன்னு இருக்குதுங்களே, அத அடிச்சுட்டு எழுதுங்க. இல்லீன்னா எடுத்துக்கிட்டுப் போயிருங்க. பாதி உண்மைய வச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது. அந்த அறிக்கையிலயும் பாதி உண்மைதானுங்க இருந்துச்சு."

அவள் குரல் உயரவில்லை. அத்தா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவை எடுத்தேன். அடித்தேன். மேலே எழுதினேன்: இறங்கும்போது நான் விழித்திருந்தேன். அறுபத்தொன்றாம் வளைவிலேயே புகார் உண்மை என்று அறிந்துகொண்டேன். அறிந்துதான் கையெழுத்திட்டேன். பக்கத்தில் இன்னொரு கையெழுத்தும் தேதியும் போட்டேன்.

நசீபா அதை வாங்கி ஒருமுறை படித்தாள். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, தராசுக்கு அடியிலிருந்த பெட்டியில் வைத்துப் பூட்டினாள். வழக்கு இன்னும் நடக்கிறது. போன வாரமும் வாய்தாதான். நானும் சென்னைக்குப் போய் வராண்டாவில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். எனக்கும் ஒரு குறிப்பாணை வந்திருக்கிறது.

அன்று நான் எழுந்து நின்றேன். ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அடுத்த ஆளுக்குச் சீரகம் அளக்கத் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க, மேடம்" என்றாள்.